மாப்பிள்ளை வீட்டுச் சாயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
கார்த்திகை 12.

ஏழு கடல் தாண்டிப் போயும் சித்தப்பாவை நிம்மதியாக இருக்க விடாத சிரஞ்சீவி காவேரிக்கு, உன் சித்தப்பா வீரபாகு அனேக ஆசீர்வாதங்களோடும் அதைவிட அதிகமான அலுப்போடும் எழுதிக்கொள்வது. இங்கு உன் அப்பா, அம்மா, நான், சாயப்பட்டறையின் மூன்று செப்பு அண்டாக்கள் யாவரும் நலம். என் மனசாட்சி மட்டும் மூன்று வாரமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறது. அங்கு உன் நலம், எமில் தம்பியின் நலம், அவர் வீட்டுத் திராட்சைக் கொடிகளின் நலம் முதலானவற்றை அறிய அவா.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன என்று கேட்பாய். போன தடவை உனக்கு மட்டும் என்று நினைத்து நான் அனுப்பிய ரகசியம் குடும்பக் குழுவில் போய் விழுந்து, நாற்பத்தியொரு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். போதும் அம்மா. தபால்காரர் குழுவில் இல்லை.

நீ எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. எமில் வீட்டார் ஐந்து தலைமுறையாக ஒயின் செய்கிறவர்கள் என்பதை, அவர்கள் தை மாதம் சம்பந்தம் பேச வருவதற்குள் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அப்பா சம்மதித்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. இதற்குப் பதில் ஏகாம்பரநாதர் கோவில் ராஜகோபுரத்தை இரண்டு முழம் வடக்கே தள்ளி வை என்று சொல்லியிருந்தால் தோளைக் கொடுத்துப் பார்த்திருப்பேன். உன் அப்பா யார்? இருமல் மருந்து வாங்கினால்கூடச் சீசாவின் முதுகைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அதில் ஒரு சொட்டுச் சாராயம் இருந்தாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இருமுகிற மனிதர். தெருமுனையில் வரவிருந்த மதுக்கடையை எதிர்த்துப் பதினோரு நாள் பந்தலில் உட்கார்ந்து, அந்தக் கடையை அடுத்த தாலுகாவுக்கே துரத்தியவர். அவரிடம் போய், "அண்ணா, உன் சம்பந்தி வீட்டில் நிலவறை முழுக்கப் பீப்பாய்" என்று நான் சொல்ல வேண்டும். ஆடி போகட்டும் என்று இருந்தேன். ஆவணியில் அவருக்கு முதுகுவலி, புரட்டாசியில் கொள்ளை வேலை, ஐப்பசியில் அடைமழை; நூல் காயாத கோபத்தில் அவர் இருந்தபோது வாயைத் திறந்தால் நூலுக்குப் பதில் என்னைக் கொடியில் போட்டிருப்பார்.

அப்படி நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உன் சிநேகிதி ஸுபத்ரா அங்கிருந்து லீவில் வந்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் கோவில் மதிலை ஒட்டிய வீட்டுப் பெண், திருமண் இட்ட தாத்தாவின் பேத்தி, பெட்டிக்குள் மூன்று ஒயின் சீசாக்களை ஸ்வெட்டரில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். "காவேரி குடுக்கச் சொன்னா மாமா. இதுக்குள்ள நீங்க அவ அப்பாகிட்ட எல்லாம் சொல்லியிருப்பேள்னா, எமிலோட அப்பா ஆசையா அனுப்பியிருக்கார்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. நான் மூன்று சீசாக்களோடு கூடத்தில் நிற்கிறேன். பின்கட்டிலிருந்து உன் அப்பா முழங்கை வரை ஊதாச் சாயத்தோடு வருகிறார்.

"இன்னாடா அது?"

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய வாய் இது. தெரியாத கேள்விக்கும் உடனே பதில் சொல்லிப் பழகிவிட்டது. "சாயம்ணா" என்று சொல்லிவிட்டது.

"சாயமா?"

"மாப்பிள்ளை வீட்டுச் சாயம். திராட்சைத் தோல்ல எடுக்கறது. அவங்க குலத்தொழிலே அதான்."

காவேரி, உன் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம தொழிலாடா?" என்று கேட்டார். உள்ளே இருந்த உன் அம்மாவை, "தையலு! இங்க வா. சம்பந்தி வீட்டுலயும் சாயந்தான் போடறாங்களாம்" என்று கத்தினார். மதுக்கடையை விரட்டிய குரல் அது, அன்றைக்கு நாதஸ்வரமாகக் குழைந்தது. அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவன் இந்தக் காஞ்சி மாநகரத்திலேயே கிடையாது. நானும் இல்லை.

அதன் பிறகு நடந்தது விசாரணைக் கமிஷன். தொழில்காரனிடம் பொய் சொன்னால் அவன் தொழில் கேள்வி கேட்பான் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. நல்லவேளை, சீசாக்களோடு நீ வைத்திருந்த நாலு பக்கக் காகிதம் இருந்தது. அதில் ஒயின் என்று வந்த இடமெல்லாம் சாயம் என்று மாற்றிப் படித்தேன். ஜூரா என்ற அந்தச் சீமை பிரான்சின் கிழக்கோரத்தில், சுவிட்சர்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, மற்ற ஊர்ச் சரக்கைப் போல உலகம் முழுக்கப் பெயர் பரவாதது என்றேன். "வேலக்காரன் பேரு வெளிய தெரியாதுடா" என்றார். முதல் சீசா பூல்சார் என்ற திராட்சை, தோல் வெங்காயச் சருகைவிட மெலிசு என்றேன். அவர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெங்காயக் கலரு. நீர்த்துப் போயிருக்குது, ஆனா சுத்தமா இருக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது த்ரூஸோ, வெயில் அதிகம் கேட்கும் கொடி, நிறமும் கெட்டி என்றேன். "இதான் நூலுக்கு ஆவும்" என்றார். மூன்றாவது மஞ்சள், சவன்யான் என்ற வெள்ளைத் திராட்சை, நீலக் களிமண்ணில்தான் வாகாக வளருமாம் என்றேன். "மண்ணும் தண்ணியும் சரியா இல்லன்னா எந்தச் சாயமும் ஏறாது. பாலாத்துத் தண்ணிக்காகத்தான நாம இங்க கெடக்கறோம்" என்றார். இந்த மஞ்சளை மட்டும் மரப்பீப்பாயில் ஊற்றி ஆறு வருஷம் மூன்று மாதம் தொடவே மாட்டார்கள், மேலே பாலாடை போல ஒரு படலம் கட்டும், அதைக் கலைக்கக் கூடாது, குறைந்தால் நிரப்பவும் கூடாது, ஒரு லிட்டர் ஊற்றினால் காற்றுக்குப் போனது போக அறுநூற்றிருபது மில்லிதான் மிஞ்சும், அதற்கென்றே அந்தக் குட்டைச் சீசா என்று படித்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஆறு வருஷமா? நம்மாளுங்க ஆறு மணி நேரம் பொறுக்க மாட்டானுங்க. அண்டாவ எறக்கு எறக்குன்னு உயிர எடுப்பானுங்க." மூடியைத் திறந்து முகர்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இன்னொரு தரம் முகர்ந்தார். பிறகு உன் அம்மாவிடம் நீட்டினார். அவள் முகர்ந்துவிட்டு, "வெந்தயத்த வறுத்த மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என் பொய் பிழைத்துக்கொண்டது. எனக்குக் காசி, ராமேஸ்வரம் இரண்டுக்கும் நடந்தே போய் வந்த களைப்பு.

மறுநாள் காலை பூல்சாரும் த்ரூஸோவும் அண்டாவில் ஏறின. படிகாரம் போட்டு, இளம் சூட்டில், ஒரு சிட்டம் வெள்ளைப் பட்டு நூலை, அந்த ஒரு கற்றையை, உன் அப்பா தன் கையாலேயே முக்கி முக்கி எடுத்தார். கிளம்பிய வாசனையில் தெருவே மிதந்தது. தாமல் ஏரிக்கரைக் கொக்குகள்கூட அன்றைக்குத் தள்ளாடியதாகக் கேள்வி. மதுக்கடைப் போராட்டத்தில் உன் அப்பாவுக்கு வலதுகையாக இருந்த மயில்வாகனம் சைக்கிளை நிறுத்திவிட்டு ஜன்னலில் மூக்கை வைத்தார்.

"இன்னா மாணிக்கம், வாசன ஒரு தினுசா இருக்குது?"

"சீமச் சாயம்பா. என் சம்பந்தி அனுப்பிச்சது."

"அப்படியா? நல்லா இருக்குதுபா" என்றவர் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார். போகும்போது சைக்கிளை மறந்துவிட்டுப் போனார்.

நூல் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் வந்தது. சோப்புத் தண்ணீரில் அலசியதும் பாதி போய், மழைக்கு முந்திய வானம் போல ஒரு மங்கல் ஊதா நின்றது. இந்தச் சாயம் தேறாது, நம் கதையும் முடிந்தது என்று நினைத்தேன். உன் அப்பா அதை வெளிச்சத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு நீ அனுப்பிய அறுவடைப் போட்டோவைக் கேட்டு வாங்கினார். அதில் எமிலின் அப்பா கை இரண்டும் நகக்கண் வரை கறுத்துப் போய்ச் சிரித்துக்கொண்டிருக்கிறார் அல்லவா? அந்தக் கையையும் தன் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "வேல செஞ்ச கைடா இது. சோப்புப் போட்டாலும் போவாது. பொண்ணக் குடுத்துடலாம்" என்றார்.

ஆம் காவேரி, சம்மதம் கிடைத்துவிட்டது. பொய்யின் தோளில் ஏறி வந்திருக்கிறது, அந்தத் தோள் என்னுடையது, அது வலிக்கிறது. ஏனென்றால் முகூர்த்தப் புடவைக்கு உடம்பு முழுக்க த்ரூஸோ நிறம், வெங்காயக் கலர் பார்டர் என்று முடிவாகிவிட்டது. சம்பந்தி வரும்போது இரண்டு பீப்பாய் கொண்டுவரச் சொல்லி எழுது என்று தினமும் காலையில் என் மேஜைமேல் பேனாவைக் கொண்டுவந்து வைக்கிறார். மஞ்சள் சீசாவை நூலுக்கு ஊற்ற மனம் வராமல், பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருக்கிறார். மதுக்கடைக்கு எதிராகப் பந்தல் போட்ட வீட்டில் ஒயினுக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். நான் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். அந்தச் சீசாவிலும் வாரத்துக்கு இரண்டு விரற்கடை குறைந்துகொண்டே வருகிறது. பயந்துபோய் அண்ணனிடம் காட்டினேன். "தானா கொறையும்னு நீதானடா சொன்ன" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு மூன்று வாரமாக வத்தக்குழம்பைத் தவிர எதுவும் அவருக்கு இறங்குவதில்லை. "உன் கைப்பக்குவமே மாறிப்போச்சு தையலு" என்று மூன்றாம் தரம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்கிறார். மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் பேனாவைத் தொடவே பயமாக இருக்கிறது.

ஆகவே அம்மா, எமிலின் அப்பாவிடம் எப்படியாவது பேசி, காஞ்சிபுரத்தில் இருக்கும் நாலு நாளும் தான் ஒரு சாயக்காரர் என்று சாதிக்கச் சொல். கையைக் கழுவாமல் வரச் சொல். விருந்தில் தண்ணீர் டம்ளரைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டாம் என்று சொல். இதற்கு மேல் பொய் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. அறுபத்தைந்து வயசுக்கு இருப்பு வைத்திருந்ததெல்லாம் இந்த மூன்று வாரத்திலேயே தீர்ந்துவிட்டது.

நீயும் எமில் தம்பியும் ஆலமரத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஊர்த் திராட்சைக் கொடியைப் போலவே படர்ந்து, ஆறு வருஷம் மூன்று மாதம் என்ன, அறுபது வருஷம் கலையாமல் இருக்கக் காமாட்சி அருள்வாளாக.

இப்படிக்கு,
ஓய்ந்துபோன சித்தப்பா,
வீரபாகு.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. உறையை ஒட்டக் கோந்து தேடி உள்ளே போய்த் திரும்புவதற்குள், உன் அப்பா பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார்.

"ஏன்டா, நாப்பது வருஷமா தொட்டி மேல மூக்க வெச்சிக்கினு இருக்கறேன். எது சாயம், எது புளிச்ச திராட்சைன்னு எனக்குத் தெரியாதா? மூடியத் தொறந்த அன்னிக்கே தெரியும்" என்றார்.

"அப்புறம் எதுக்குண்ணா நூல முக்கின?"

"குடிக்கறதுக்கு நூலுக்கு ஊத்தறது மேல். நீ எது வரைக்கும் போறன்னும் பாக்கணும் இல்ல?"

"அப்ப, சம்மதம்னு சொன்னது?"

"அது சம்மதந்தான். ஆறு வருஷம் கலைக்காம காத்திருக்கறவன் வீட்டுல எம்பொண்ணு நல்லா இருப்பா. எனக்கு அவ்ளோ பொறும இல்ல. உங்கிட்ட சொல்லத் தெரிஞ்சவளுக்கு எங்கிட்ட சொல்லத் தெரியலையா? அவ வாயால சொல்லுவான்னுதான் தெனம் போனப் பாத்துக்கினு இருக்கறேன். பண்ணச் சொல்லு." வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்த மஞ்ச சீசாவ சாமி பக்கத்துல வெச்சா நீ தொடமாட்டன்னு நெனச்சேன். அப்படியும் வாரா வாரம் குடிக்கிற பாரு. பொண்ணு கல்யாணம்னு பொறுத்துக்கினு இருக்கறேன்."

ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாத நான் பதறிப்போய் வாயைத் திறந்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து உன் அம்மா கரண்டியை உயர்த்தி, பேசாதே என்று ஜாடை காட்டினாள். அவர் தலை மறைந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "வெந்தய வாசன தூக்குச்சு தம்பி. சும்மா வுட மனசு வரல. வத்தக்குழம்புல ஊத்திட்டேன். அவருக்குத் தெரிஞ்சா மூணு வாரம் சாப்புட்டதுக்கு முப்பது வருஷம் விரதம் இருப்பாரு. பழி உங்க மேலயே இருக்கட்டும்."

அதனால் இன்றைக்கே அப்பாவுக்குப் போன் பண்ணு. எமிலின் அப்பாவிடம் மஞ்சள் சீசா இரண்டு கொண்டுவரச் சொல். ஒன்று உன் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மற்றது எனக்கு. குடிகாரன் என்ற பெயர் வந்தாயிற்று, என்ன ருசி என்றாவது தெரிந்துகொள்கிறேன்.