கக்கத்துச் சிமிழ் காத்த படலம்

வாழ்க நஞ்சப்பன்! கணபதி என்னும் பதியில் மோட்டார் பட்டறை நடத்தும் கொங்குக் கொழுந்து, எரிந்துபோன மோட்டாரை முகர்ந்தே நோயறியும் மூக்கினன், பொற்கொடி என்னும் பூங்கோதையின் மணாளன், தாத்தன் பெயரைத் தளராது சுமக்கும் தோளினன், அவன் புகழ் ஓங்குக!

நோய்ப்பகை முடிக்கும் வெள்ளணுப் பெரும்படை, போர் முடிந்தும் பாசறை கலையாது அளவிறந்து பெருகி, அவன் விந்தில் வாழ்ந்த அப்பாவி உயிரணுக்களையே வாட்டி வதைத்ததைச் சென்ற மாதப் பரிசோதனை பறைசாற்றிற்று. மருத்துவர் தந்த மாத்திரைகளை விழுங்கி முடித்த மாவீரன், மறுபரிசோதனைக்குரிய மாதிரியைச் சிமிழில் அடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் உடற்சூடு குன்றாமல் லேபில் சேர்க்கும் ஆணையைச் சிரமேற்கொண்டு, கக்கத்தில் இடுக்கியபடி வாசலுக்கு வந்தான். தாமதித்தால் எல்லாம் வீண். கல்யாணமாகி நான்கு வருடமாகக் காத்திருப்பவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

அந்தோ! வாசலை அடைத்து நின்றது உபசாரப் படை. அதன் தனிப்பெருந்தளபதி, அன்புக்கணை வற்றாத வள்ளியாத்தாள், அவனுடைய பெரியம்மா, ஆனைமலைக் கோயில் குங்குமமும் முறுக்குத் தூக்கும் ஏந்தி ஸ்கூட்டியினின்று இறங்கினாள்.

“ஏங் கண்ணு, நான் வந்ததும் கெளம்பறே? ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போ சாமி!” என்று முதற்கணை எய்தாள்.

“வந்தர்றேனுங்க பெரீம்மா” என்று கேடயம் பிடித்தான்.

“கக்கத்துல என்ன?”

“மருந்துங்க.”

“வெய்யல்ல கெட்டுப்போயிரும். குடு, பிரிட்ஜுல வெச்சுப்போடறேன்!”

நீண்டது அவள் கை. இறுகிற்று அவன் கக்கம். பெரியவர்கள் நீட்டும் கையைத் தட்டிவிடும் ஆயுதம் கொங்குநாட்டில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

“அப்பறம் இந்தக் குங்குமத்தைப் பொற்கொடிய நெத்தியில வெக்கச் சொல்லு. கொறை அவகிட்டத்தானே இருக்குது!” என்றாள்.

கதவுக்குப் பின்னால் பொற்கொடி கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ கல்யாண வீடுகளில் இதைக் கேட்டும் அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நஞ்சப்பனுக்கு வெட்கமாக இருந்தது.

அக்கணமே, மேகம் குமுறினாற்போல, காந்திபுரம்வரை கேட்கும்படி முழங்கினான் வீரன்: “இது மருந்தில்லீங்க பெரீம்மா, என்ற விந்துங்க! வெள்ளணு சாஸ்தியாயிருச்சுன்னு டாக்டர் டெஸ்டுக்குக் கேட்டிருக்காருங்க. கொறை என்னுதுங்க, அவளுதில்லீங்க!”

எதிர்வீட்டுக் குக்கர்கூட விசிலடிக்க மறந்தது. நீட்டிய கையை மடக்கினாள் வள்ளியாத்தாள். கதவை நோக்கி, “அம்மணி, தெரியாமப் பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதே” என்றாள். அந்தியூர்ச் சந்தைக் குதிரைகளும் நாணும்படி ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

“ஏறு கண்ணு! வண்டிய நான் பாத்துக்கறேன், நீ கக்கத்தைப் பாத்துக்க!”

சத்தி ரோட்டின் குழிகளைத் தாவி, பேருந்துகளின் இடுக்கில் நுழைந்து, சிவக்கப்போகும் சிக்னல்களைச் சிரித்துக் கடந்து, பெரியம்மா வழி பிளக்க, மகன் சிமிழ் காக்க, அந்த ஒரு மணி நேரம் தீருமுன் லேபின் வெற்றிவாயில் புகுந்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த பெண்ணின் திருக்கரத்தில் அரும்பொருளைச் சேர்த்தனர் இருவரும்.

ரிப்போர்ட் நாளைக்குத்தான் வருமாம்.