பன்றித் தலைவருக்கு ஈ ஓட்டும் பட்டம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. பெயர் பிடரிக்கோன். ராஜா என்பது பெயருக்குத்தான். அந்தக் காட்டில் அதைவிடப் பெரிய மனிதர்கள், அதாவது பெரிய மிருகங்கள், மூன்று பேர் இருந்தோம். வடக்கு மேட்டுக்குத் தலைவர் காட்டெருமை கருங்கொம்பன். குகைப் பக்கத்துக்குக் கரடி தேனப்பன். ஓடைக்கரைக்கு நான், காட்டுப்பன்றி வளைதந்தன். இந்தக் கதையில் முட்டாள் யார் என்று நீங்கள் கடைசிவரை தேடவேண்டாம். இப்போதே சொல்லிவிடுகிறேன், நான்தான்.

எங்கள் மூவருக்கும் தனித்தனிப் படை உண்டு. வீட்டைச் சுற்றி ஆள் உயர முள்வேலி உண்டு. சிங்கத்துக்குச் சொந்தமாக இருந்ததெல்லாம் ஒரு பாறையும் இரண்டு மனைவிகளும்தான். ஆகவே ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுப் புலியோடு போர் என்றால், அது எங்களை வந்து அழைத்தாகவேண்டும்.

அழைப்பு என்றால் ஆள் விட்டுச் சொல்வது இல்லை. தேக்கிலையில் சேப்பங்கிழங்கு வைத்து, மனைவிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, நேரில் வரவேண்டும். வேலிக்கு வெளியே நின்று சொல்லும்:

"மாமா, வர்ற வளர்பிறைல புலியோட போர் வச்சிருக்கோம். நீங்க குடும்பத்தோட வந்திருந்து நல்லபடியா நடத்திக் கொடுக்கணும்."

நான் உடனே தலையாட்டிவிடுவேனா? என் பரம்பரை என்ன ஆவது? "கருங்கொம்பன் வீட்டுக்கு நேத்தே போய்ட்டீங்களாமே?" என்பேன். "நாங்க என்ன ரெண்டாம் பட்சமா?"

"வழில இருந்துச்சு மாமா, அதான்," என்று சிங்கம் பிடரியைச் சொறியும். அரை நாள் நிற்கவைத்துவிட்டுத்தான் கிழங்கை வாங்குவேன். தேனப்பன் இன்னும் மோசம். ஒருமுறை போருக்கு நடுவில், தன்னை முன்வரிசையில் நிறுத்தவில்லை என்று கோபித்துக்கொண்டு நாற்பது கரடிகளோடு வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் போரில் தோற்றோம். ஆனால் தேனப்பனுக்கு மரியாதை கூடியது.

இதில் இன்னொரு வழக்கமும் இருந்தது. போருக்கு வருகிறவனையும், முயல் மான் உட்பட அவன் பகுதிக் கூட்டத்தையும் ராஜா சாப்பிடக்கூடாது. சிங்கம் சிங்கம்தானே. என் பின்னந்தொடையை அது பார்க்கும் பார்வையை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் என்னைத் தின்றுவிட்டால் போருக்கு யார் வருவது? ஆகவே அது எச்சிலை விழுங்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்ப் புலியின் மான்களைத் திருடித் தின்று காலம் தள்ளியது.

அப்புறம் ஒரு வருஷம் புலி கதண்டைக் கொண்டுவந்தது. கதண்டு என்பது மாட்டையே சாய்த்துவிடும் பெரிய குளவி. அதன் கூட்டைக் குரங்குகள் ஈர இலையில் பொதிந்து எடுத்துவந்து, மரத்தின் மேலிருந்து எங்கள் நடுவில் வீசின. எங்கள் போர்முறை மூன்று தலைமுறையாக ஒன்றுதான்: தலையைக் குனி, கண்ணை மூடு, ஓடு. அன்றும் அப்படியே ஓடினேன். திசைதான் மாறிவிட்டது. ஓடையில் முழுகி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தேன். மூக்கிலேயே ஏழு இடத்தில் கொட்டியது. பக்கத்தில் கருங்கொம்பனும் அப்படியே கிடந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீக்கம் வடிந்ததும் சிங்கம் கூட்டம் போட்டது. "இனிமே கொம்பும் தந்தமும் வேலைக்கு ஆகாது. நமக்கும் கதண்டுப்படை வேணும். ஆளுக்கு ஐம்பது குரங்கு வச்சு, வருஷம் பூரா பழக்குங்க," என்றது.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி கிழங்காயி கையிலிருந்த வள்ளிக்கிழங்கைக் கீழே வைத்தாள். "ஐம்பது குரங்கா? இந்த வீட்டுக்குள்ளயா? ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மறுநாள் கூட்டத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்நாளில் எனக்கு வந்த ஒரே யோசனை அது. எழுந்து நின்று சொன்னேன்: "குரங்கை ராஜாவே வச்சுக்கட்டும். ஆளுக்கு இத்தனைன்னு பலாப்பழம் நாங்க அனுப்பிடறோம். போருக்கு எங்களைக் கூப்பிடவே வேணாம்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தேனப்பன் என்னைக் கட்டிப்பிடித்தார். சிங்கம் கண் கலங்கி, "உங்க இஷ்டம் மாமா," என்றது. பாசம் என்று நினைத்தேன். ஒரு வாரம் தலை நிமிர்த்தி நடந்தேன். பன்றிக்குக் கழுத்து அப்படி நிமிராது, இருந்தாலும் நிமிர்த்தினேன்.

அரசு எழுத்தராக ஒரு மரங்கொத்தி வந்தது. போர் விலக்கு விண்ணப்பம், மூன்று பிரதி. வரிசையில் நின்று குளம்பு பதித்தேன். மரங்கொத்தி அலகால் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது. அதுதான் முத்திரை.

அடுத்த போர் உச்சிவேளைக்குள் முடிந்துவிட்டது. ஜெயித்தோம் என்று பிறகு சொன்னார்கள். சத்தம் கேட்டு ஒருமுறை புரண்டு படுத்ததுதான் அந்தப் போரில் என் பங்கு. புலி சமாதானத்துக்கு வந்தது. இனி ஒருவர் காட்டு மானை இன்னொருவர் தொடக்கூடாது என்று உடன்படிக்கை ஆனது. நல்ல உடன்படிக்கை என்று நானும் பாராட்டினேன். சிங்கம் இனிமேல் எதைச் சாப்பிடும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போர் முடிந்தது. ஆனால் குரங்குகள் வீட்டுக்குப் போகவில்லை. அதுகளுக்குப் பாறைக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டாயிற்று. சும்மா இருக்கும் படைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. ஓர் ஆணை வந்தது: எதிரியே இல்லாத காட்டில் முள்வேலி எதற்கு? பத்து நாளில் பிடுங்கவேண்டும்.

"என் வேலியைத் தொட்டுப் பாக்கட்டும்," என்றார் கருங்கொம்பன். முன்பெல்லாம் சிங்கம் சண்டைக்கு வந்தாலும் அந்த வேலியை உடைக்க ஆறு மாதம் ஆகும், அதற்குள் மழை வந்துவிடும், சிங்கம் திரும்பிப் போய்விடும். இந்த முறை காலையில் மூன்று கூடு உள்ளே விழுந்தது. மதியம் கருங்கொம்பன் வேலி அகற்றும் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்ததால் கையெழுத்து போடும் இடத்தைப் பின்னால் நின்ற முயல் காட்டிக் கொடுத்தது.

நான் கெட்டிக்காரன். கெடுவுக்கு ஒரு நாள் முன்பே வேலியைப் பிடுங்கி, முள்ளைக் கட்டாகக் கட்டி, நானே சுமந்துகொண்டுபோய்க் கொடுத்தேன். ராஜா மகிழ்ந்து எனக்கு ஒரு பட்டம் கொடுத்தார். அவர் கொட்டாவி விடும்போது வாய்க்குள் ஈ போகாமல் விசிறும் உரிமை. காட்டில் வேறு யாருக்கும் அது கிடையாது. தேனப்பனுக்குக் கிடைத்தது, பிடரி சீவும்போது உதிரும் முடியைப் பொறுக்கும் உரிமை. ஈ பெரிதா முடி பெரிதா என்று எங்களுக்குள் சண்டை வந்து பதினைந்து நாள் பேசிக்கொள்ளவில்லை.

"வேலி போச்சு. உங்களுக்கு ஈ கெடச்சுது," என்றாள் கிழங்காயி. அவளுக்கு அரசவை நாகரிகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆலமரத்தில் தினம் காலையில் ஓர் இலை தொங்க ஆரம்பித்தது. தலைப்பு: நாளைய உணவு. கீழே ஒரு பெயர். முதலில் முயல், பிறகு மான். நமக்கென்ன என்று இருந்தோம். ஒரு வியாழக்கிழமை காலை அதில், வளைதந்தன், ஓடைக்கரை என்று இருந்தது. எழுத்துப்பிழைகூட இல்லை.

மரங்கொத்தியிடம் ஓடினேன். வரிசையில் நில் என்றது. நின்றேன். என் முறை வந்ததும், "தலைவர்களைச் சாப்பிடக்கூடாதுங்கறது வழக்கமாச்சே!" என்றேன்.

"போருக்கு வர்றவங்களைத்தான். நீங்க விலக்கு வாங்கியிருக்கீங்க." மூன்று பிரதியையும் எடுத்து வைத்தது. மூன்றிலும் என் குளம்பு.

"சரி, நான் போருக்கு வரேன். விண்ணப்பம் குடு."

"கதண்டு எறியற படைல மட்டும்தான் இடம் இருக்கு. வால் ரெண்டு முழம் இருக்கணும். மரம் ஏறணும்."

வாலைக் காட்டினேன். ஒரு சாண். நுனிக் குஞ்சத்தையும் சேர்த்து அளக்கச் சொன்னேன், அப்போதும் ஒரு சாண்தான். சரி, மரமாவது ஏறிக் காட்டுகிறேன் என்று ஆலமரத்தைக் கட்டிப்பிடித்தேன். வேரிலிருந்து இரண்டடி ஏறி, முதுகு கீழாக விழுந்தேன். வரிசை முழுக்கச் சிரித்தது. குரங்குகள் இறங்கிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தன. வேறு யாராவது விழுந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பிற்பகல் விசிறும் நேரம். ராஜா மல்லாந்து கிடந்தார். விசிறியபடியே காதருகில் குனிந்தேன்.

"மகாராஜா, பன்றிக்கறி உடம்புக்குச் சூடு. தேனப்பன் வருஷம் பூரா தேனாக் குடிச்சு வளர்ந்த உடம்பு."

ராஜா ஒரு கண்ணைத் திறந்தார். "நேத்து இலை எழுதறப்போ உன் எடத்துல அவன் பேருதான் இருந்துச்சு. அவன் வந்து, நீ கிழங்கா தின்னு வளர்ந்த உடம்புன்னு சொல்லிட்டுப் போனான்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. மனப்பாரம் இறங்கி, அழுகை வந்தது. அவனும் அப்படித்தான் என்றால் நான் மட்டும் எப்படிக் கெட்டவன் ஆவேன்? இதை நினைக்கும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

"யாரா இருந்தா என்ன," என்று ராஜா கண்ணை மூடிக்கொண்டார். "எழுத்தர் கிட்ட மாத்திக்கச் சொல்லு." மரங்கொத்தி ஒரு கொத்துக் கொத்தியது.

வெள்ளிக்கிழமை தேனப்பன் குளித்து முடித்து வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் விசிறிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கடந்துபோகும்போது நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நாளைக்கு யாருன்னு பாத்துட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பார்க்கவில்லை. காலையில் இருந்த சந்தோஷத்தில் ஆலமரத்துப் பக்கமே போகவில்லை. உடனே ஓடவேண்டும்போல் இருந்தது. ஆனால் விசிறியைக் கீழே வைக்க முடியவில்லை. ராஜா அப்போதுதான் வாயைத் திறந்திருந்தார்.

நீதி: ராஜாவுக்கு உங்கள் பலம் தேவைப்படாத காலத்தில், உங்களைவிடக் கொழுத்த நண்பர் ஒருவர் போதாது, வாரத்துக்கு ஏழு பேராவது வேண்டும்.