சோதனைக்கு உட்காரப்போகும் மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் தங்கள் தங்கையும் நலம். நேற்று மதியத்திலிருந்து அவள் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்திருப்பதால் அவளையும் சேர்த்தே தைரியமாக எழுதுகிறேன். தங்கள் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

அடுத்த புதன்கிழமை, என் மகளின் வகுப்புத் தோழி தன் தேர்வுக்காக இன்னொரு முறை நடத்தும் அறிவுத்திறன் சோதனைக்கு உட்காரத் தாங்கள் சம்மதித்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன் இங்கே நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது. தங்கள் தங்கை சொன்னால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வாள்.

தங்கள் மருமகள், அதான் என் மகள், படிப்பது மருத்துவ உளவியல் மேல்படிப்பு அல்லவா, அதில் ஓர் ஆளை எதிரே உட்கார வைத்துச் சோதனை நடத்திக் காட்ட வேண்டும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேராசிரியை உட்கார்ந்து பார்ப்பார். சொந்தக்காரரைச் சோதிக்கக் கூடாது என்பதால் தோழி என்னையும், என் மகள் தோழியின் அப்பாவையும் சோதிப்பதாக ஏற்பாடு. போன முறை, எதிரே இருந்தவர் தடுமாறியபோது பாவம் பார்த்துத் தலையாட்டியதால் என் மகள் தேறவில்லை. இந்த முறையும் கோட்டைவிட்டால் ஒரு வருடம் போச்சு. காலையில் என் முறை முடிந்து வெளியே வந்தால், பெஞ்சில் தோழியின் அப்பா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "சார், எனக்குப் படிப்பு வாசனையே கிடையாது. உங்க பொண்ணு மார்க்கு என்னால போயிடுமோ?" என்றார். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பையன் தேறினால்தானே வாத்தியாருக்குப் பெயர்? உடனே அவரைக் கேண்டீனுக்குத் தள்ளிக்கொண்டு போய், டீ வாங்கிக் கொடுத்து, நினைவிலிருந்த கேள்விகளையெல்லாம் பதிலோடு ஒப்பிக்க வைத்தேன், சோதனையில் வரும் வண்ணக் கட்டைகளை அடுக்கச் சர்க்கரைக் கட்டிகளை வைத்துப் பழக்கினேன். மனுஷனுக்குக் கற்பூர புத்தி.

உள்ளே போனவர், தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டிய எண்களை என் மகள் வாசித்து முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாராம். அடுத்ததைக் கேட்கும் முன்பே அதற்கும் பதில். அவள் பேனாவைக் கீழே வைத்து, "யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்றிருக்கிறாள். "உங்க அப்பாதாம்மா. டீ கூட வாங்கிக் குடுத்தாரு." அவள் சோதனைப் பெட்டியை மூடிவிட்டு, இந்த மதிப்பெண் செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. "அப்பா, அவரு நல்லா பதில் சொல்றதுக்கு எனக்கு மார்க் இல்ல. அவரு எப்படியோ அதை அப்படியே நான் எழுதறேனான்னுதான் பாக்கறாங்க" என்றாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். பெற்ற பெண்ணின் ஒரு வருடத்தை நானே பாழாக்கிவிட்டேனே என்று அழுகையே வந்தது. நேற்று முடிவு சொன்னார்கள். தேறிவிட்டாள்! கண்டுபிடித்து நிறுத்தியதற்கும், அப்பா செய்த வேலை என்பதை மறைக்காமல் எழுதியதற்கும்தான் மார்க்காம்.

ஆகவே நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, மூக்குக்கண்ணாடியோடு வந்தால் போதும். நான் வாயைத் திறக்க மாட்டேன். புத்தி வந்துவிட்டது.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. பிள்ளைகள் சீரும் சிறப்புமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: யோசித்துப் பார்த்தேன். கண்டுபிடித்தால்தான் மார்க் என்றால், நீங்கள் ஒன்றும் தெரியாமல் வந்தால் அந்தத் தோழி எதைக் கண்டுபிடிப்பாள்? பாவம். பதில்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாக மனப்பாடம் செய்து, கேள்வி வருமுன்பே சொல்லவும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் தயங்காமல் என்னைக் காட்டவும்.