ஸ்பிண்டிலுக்குப் போட்ட பூஜை

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொத்தனார் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் என்பதால் எனக்கு அது கொஞ்சம் முற்றியிருந்தது.

டிப்ளமோ முடித்ததும், மானகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில், மரத்தில் எழுத்து செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷின் ஒன்றைப் பூட்டினேன். அதில் மரத்தைக் குடைகிற மோட்டார்தான் ஸ்பிண்டில். ஓடினால் சூடாகும். தண்ணீரால் குளிர்வது ஒரு வகை. தலையிலுள்ள விசிறியால் குளிர்வது இன்னொன்று. தண்ணீர் வகை சத்தம் போடாது, ஆனால் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி வேண்டும்.

"வாளியெல்லாம் தர முடியாதுத்தா. குடிக்கவே தண்ணியக் காணோம், உன் மெஷினுக்கு ஊத்தவா?" என்றார் அம்மா.

காற்று வகையை வாங்கினேன். (கேட்டவர்களிடம் 'டெக்னிக்கல் காரணம்' என்றேன்.)

முதல் ஆர்டர் பள்ளத்தூர் ஆச்சியுடையது. பழைய வீட்டில் மிஞ்சிய தேக்குப் பலகையைக் கொடுத்து, புது வீட்டுக்குப் பெயர்ப்பலகை கேட்டார். "வேற பலக கெடையாது, பாத்துச் செய்யி."

ஆச்சி முன்னிலையிலேயே பூஜை. பலகையை மெஷினில் இறுக்கியிருந்தேன். அம்மா ஸ்பிண்டிலுக்குச் சந்தனம் வைத்துவிட்டுக் குங்குமத் தட்டைப் பலகைமேலேயே வைத்தார். அப்பா சூடம் ஏற்றினார்.

"ஓடுற மெஷினுக்குக் காட்டுனாத்தான்ப்பா அழகு" என்று முழு வேகத்தில் தட்டிவிட்டேன். (புது ஸ்பிண்டிலை மெதுவாக ஓட்டித்தான் பழக்க வேண்டும் என்று முந்தின நாள் வீட்டுக்கே வகுப்பெடுத்தவளும் நான்தான்.)

அந்த விசிறி காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும். சூடம் அணைந்தது. தட்டு காலியானது. அப்பாவின் மீசை சிவந்தது. ஆச்சியின் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஆச்சியைக் காணோம். நான் மெஷினை நிறுத்தியதும், பதறிப்போன அம்மா ஈரத்துணியால் பலகையைத் துடைக்க, குங்குமம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது.

"தப்பா நெனைக்காதீக ஆச்சி..." அம்மா ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பலகையைப் பார்த்தார்.

"எழுத்து எங்குட்டு வரும்?"

"இங்குட்டுத்தான் ஆச்சி. இந்தக் கறையிலதான்."

"அப்ப வெட்டுத்தா. செகப்புல வெட்டுனா எழுத்து பளிச்சுன்னு தெரியும்ல?"

தெரிந்தது. அதைப் பார்த்து வந்தவர்கள் எல்லாரும் "ஆச்சி வீட்டுச் சிவப்பு"தான் கேட்கிறார்கள். இப்போது சாயம் கலந்தே பூசுகிறேன். அன்று ஆச்சி பலகையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், மெஷினை அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன்.

அம்மாவும் தன் வாளியைத் தானாகவே கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டார். அடுத்த ஸ்பிண்டில் தண்ணீர் வகைதான்.

அப்பாதான் இன்னும் விடவில்லை. ஆயுத பூஜையில் தன் கொத்துக்கரண்டிக்குப் பொட்டு வைக்கும்முன் நிமிர்ந்து பார்த்து, "ஏத்தா, இதுக்குப் பிளக்கைப் புடுங்கிட்டியா?" என்பார்.