கேக்கில் மட்டும் சம்மதம்

மட்டாஞ்சேரி,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் பாண்டித்துரை அவர்கள் சமூகத்துக்குச் சிதம்பரநாதன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை கற்பகமும் உடலளவில் நலம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். கோவில்பட்டியில் தங்கள் முட்டிவலி தேவலையா? எப்படியிருந்தாலும் உட்கார்ந்துகொண்டு படிக்கவும். போனில் சொன்னால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கவைப்பீர்கள் என்பதால்தான் கடிதம்.

விஷயம் நம் சுபாஷிணியின் கல்யாணம். பெண் பார்த்து, நிச்சயம் செய்து, தை மாதம் மண்டபம் பேசி, தங்களுக்கு அறுபது பத்திரிகை அனுப்பியும் ஆகிவிட்டது. இந்த நிலையில் போன வாரம் மாப்பிள்ளை அனூப் தன் வைட்டிலா வீட்டிலிருந்து பைக்கில் வந்து, என்னை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டு, "அங்கிள், சுபாவை ஒரு நல்ல ரெஸ்டாரண்ட்ல வெச்சு ப்ரொபோஸ் பண்ணணும்" என்றார். "எதை?" என்றேன். "கல்யாணத்தைத்தான்." "அது தையில நடக்கப்போகுதே, தம்பி." "நடக்கும் அங்கிள். ஆனா அதுக்கு முன்னாடி 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு மண்டி போட்டுக் கேக்கணும்ல? இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. உங்களுக்குத்தான் இந்தப் பக்கம் பழக்கம், ஒரு இடம் பாத்துச் சொல்லுங்க. சுபாவுக்குத் தெரியக் கூடாது." தாலிக்கு முன்னால் இப்படி ஒரு சடங்கு புதிதாக முளைத்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். சடங்கு என்று வந்துவிட்டால் இடமும் நேரமும் திசையும் பார்ப்பது பெண்ணைப் பெற்றவன் கடமை. மிளகுக் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலையும் இல்லை.

முதலில் பார்த்த ஹோட்டலில் வாசலிலேயே கண்ணாடித் தொட்டியில் மீன்கள். விரலால் சுட்டிக்காட்டினால் பொரித்துத் தருவார்களாம். நாம் சைவம் என்பது ஒரு புறம் இருக்க, சாகப்போகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுபகாரியம் பேசுவது முறையா? இரண்டாவது இடம் எங்கள் கம்பெனியின் பழைய கிடங்கு. இப்போது அதை ரெஸ்டாரண்ட் ஆக்கி, காலி மிளகுச் சாக்குகளை அழகுக்கு அடுக்கியிருக்கிறார்கள். அந்த நாளில் மேனேஜர் என்னைத் திட்டிய மூலையில்தான் ஜோடிகளுக்கான மேசை போட்டிருந்தார்கள். அங்கே மாப்பிள்ளையும் மண்டியிடுவதைக் காண எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் காயல் ஓரத்தில் ஒரு சைவ ஹோட்டல் அமைந்தது. நடத்துகிற சேட்டன் நல்ல மாதிரி. பூ, வயலின், கேக், பக்கத்து மேசைகளின் கைதட்டல் எல்லாம் சேர்த்து ஒரே ஏற்பாடு என்றார். "சாரே, கேக்கில் எந்தா எழுதண்டே?" என்று கேட்டார். 'சம்மதம்' என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தேன். தெரிந்த பதில்தானே, மச்சான்!

மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை, சூரியன் மறைகிற நேரம் வேண்டுமாம். ஞாயிறு ஆறு மணி வரை ராகு காலம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஆறு ஐந்துக்கு ஒப்புக்கொண்டார், சூரியன் காத்திருக்கவில்லை. பெண் கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்றேன். கொச்சியில் கடல் மேற்கே இருப்பது என் தவறல்ல. ஆகவே மாப்பிள்ளைக்குச் செவ்வானமும் சுபாஷிணிக்குச் சமையலறைக் கதவும் கைகழுவும் தொட்டியும் தெரிந்தன. நானும் கற்பகமும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, முகத்தை மெனு அட்டையால் மறைத்துக்கொண்டோம். சரியாக ஆறு ஐந்துக்கு மாப்பிள்ளை மண்டியிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு வெயிட்டர் டார்ச்சோடு ஓடி வந்து, "எந்து போயி சேட்டா? மோதிரமாணோ?" என்று மேசைக்கு அடியில் தேடத் தொடங்கினான். அவனை அனுப்பிவிட்டு மாப்பிள்ளை கேட்க வேண்டியதைக் கேட்டார். வயலின் நின்றது. நம் பெண் தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "ஒரு வாரம் டைம் தாங்க. ஆலோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மச்சான், அப்புறம் நடந்ததைக் கேளுங்க. அந்தப் பாழாய்ப்போன கைதட்டல் அதற்குள்ளே ஆரம்பிச்சிடுச்சு. சேட்டன் கேக்கைத் தூக்கிக்கிட்டு வந்துட்டார். அதுல 'சம்மதம்'னு மலையாளத்துல இத்தாம் பெரிய எழுத்து. அதை யார்கிட்ட நீட்டறதுன்னு தெரியாம அவர் கடைசியில என்கிட்ட நீட்டினார்! மாப்பிள்ளை மண்டி போட்டது போட்டபடி இருக்கார், எழுந்திருக்கலாமான்னு கேக்கறாப்பல வெயிட்டரைப் பாக்கறார்.

வீடு திரும்புகிற ஆட்டோவில் கேட்டேன். "பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் போயாச்சு. இப்ப என்னம்மா ஆலோசனை?"

"பத்திரிகை நீங்க அடிச்சீங்கப்பா. என்கிட்ட கேட்டது இன்னைக்குத்தான்."

"பெண் பாக்க வந்தன்னைக்குக் கேக்கலையா?"

"கேட்டீங்க. வந்தவங்களுக்குக் காப்பி குடுக்கலாமா சாயா குடுக்கலாமான்னு."

"அனூப்பைப் பிடிக்கலையா?"

"பிடிக்குமா பிடிக்காதான்னுதான்பா ஆலோசிக்கணும். இத்தனை நாள் அந்த வேலையே எனக்கு வரலையே!"

தங்கள் தங்கையைத் துணைக்குப் பார்த்தேன். அவள் மடியில் கேக்கோடு உட்கார்ந்திருந்தாள். "கேள்வின்னு கேட்டா யோசிக்கத்தானே செய்வா" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். கேள்வியாவது! 'சௌக்கியமா' என்று கேட்பதும் கேள்விதான். அதற்கு யாராவது ஒரு வாரம் தவணை கேட்பார்களா?

ஆகவே தாங்கள் இது கண்டவுடன் ரயிலேறி வந்து பெண்ணுக்குப் புத்தி சொல்ல வேண்டும். கற்பகத்தை நான் பார்க்க வந்தபோது, "எங்களுக்குச் சம்மதம்" என்று பன்மையில் சொல்லிக் காரியத்தை முடித்தவர் தாங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் வாயிலிருந்து ஒருமையில் ஒரு வார்த்தை வராவிட்டால், மண்டபத்தில் சமையல்காரர் மட்டும்தான் இருப்பார். அதுவரை அந்த அறுபது பத்திரிகைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. அங்கே ஒருவரும் ஒருவரையும் எதுவும் கேட்காமல், எல்லாரும் நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சிதம்பரநாதன்

பி.கு.: நேற்று இங்கே ஹர்த்தால். கூரியர் கடை திறக்காததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. அதற்குள், இன்று புதன்கிழமை காலை, வல்லார்பாடத்து ஆபீசுக்குப் போகிற வழியில், சுபாஷிணி படகுத்துறைச் சாயாக்கடைக்கு மாப்பிள்ளையை வரச்சொல்லி, சம்மதம் என்று சொல்லிவிட்டாள். அத்தோடு நின்றிருக்கலாம். "இதுவரைக்கும் உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்ல, அம்மாதான் முடிவு பண்ணினாங்க" என்றாராம். "அப்ப நான் கேக்கறேன். என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?" மாப்பிள்ளை சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாராம். எதிர்க்கரை வைப்பினுக்கு இரண்டு படகு போய்விட்டது. பிறகு, "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றாராம். நான் பதறிப்போய், "இப்ப என்னம்மா செய்யறது?" என்று போனில் கேட்டேன். "ஒண்ணும் செய்யாதீங்கப்பா. அவர் நிஜமாவே உக்காந்து யோசிச்சார். இன்னைக்குத்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுது" என்கிறாள். ஆகவே பெண்ணுக்குப் புத்தி சொல்லத் தாங்கள் வர வேண்டாம். பஸ் பிடித்து நேரே வைட்டிலாவில் இறங்கி மாப்பிள்ளையைப் பார்க்கவும்.