உடும்பு கம்பைல் செய்த கதை

ஒரு காட்டில் போன் இல்லாத மிருகம் என்று ஒன்று கிடையாது. சார்ஜ் போடத்தான் ஒரே ஒரு மரம். அந்த மரத்தடியில் மானும் சிறுத்தையும் டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரே வரிசையில் நிற்கும். அவ்வளவு ஒற்றுமையான காடு.

அந்தக் காட்டின் ஓடைக்கரையில் ஒரு புற்று இருந்தது. புற்றுக்குள் ஓர் உடும்பு குடியிருந்தது. பெயர் அரியநாச்சி. உடும்புகளின் குணம்தான் தெரியுமே, ஒன்றைப் பிடித்தால் விடாது. அதனால் இந்தக் கதையில் கடைசியில் அதுதான் ஜெயிக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் புற்று ஒரு கீரியுடையது. உடும்பிடம் ஒரு பாறைப் பொந்து இருந்தது. கீரிக்குப் பொந்து பிடித்திருந்தது, உடும்புக்குப் புற்று பிடித்திருந்தது. இரண்டும் இடத்தை மாற்றிக்கொண்டன. அன்றைக்குக் கீரி தன் வாயாலேயே சொன்னது: "புற்று இனிமே உங்களுதுக்கா. என் பரம்பரையே இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. சத்தியம்." உடும்பு விவரமானது. அதைத் தன் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டது.

இந்த வருஷம் உடும்பு புற்றுக்குள் பதினேழு முட்டை இட்டது. இட்ட மூன்றாம் நாளே கீரிக்குப் பழைய வீட்டின் மேல் பாசம் பொங்கிவிட்டது. "சும்மா கொஞ்ச நாள் இருந்துக்கச் சொன்னேன். எழுதியா கொடுத்தேன்?" என்று கரடியின் சபையில் வழக்குப் போட்டது. விசாரணைக்கு ஆறு நாள்தான் இருந்தது. கீரிக்கும் முட்டைக்கும் உள்ள உறவை அந்தக் காட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உடும்பு பதறவில்லை. "அவன் குரலே என் கையில இருக்கு" என்று போனை எடுத்துப் பதிவைத் தட்டியது. திரையில் எழுத்து வந்தது: 'இந்தக் கோப்பைத் திறக்க முடியாது. திறக்க விரும்பினால் புதிய போன் வாங்கவும்.' கூடவே முப்பது விநாடி விளம்பரம். அந்தப் பழைய போன் எந்த வகையில் பதிவு செய்ததோ, அந்த வகையையே இப்போது கைவிட்டுவிட்டார்களாம்.

அப்போதுதான் உடும்புக்குப் பதறியது. பக்கத்து நாவல் மரத்துக் காக்கையைக் கூப்பிட்டது. காக்கைக்குக் கம்ப்யூட்டர் தெரியும். குறைந்தபட்சம், லேப்டாப் வைத்திருந்தது.

"நாச்சியக்கா, இதுக்கா இவ்ளோ கலங்குறீங்க? தும்பின்னு ஒரு செயலி இருக்கு. அதுல ஓடாத பதிவே கிடையாது. கல்லைக் கொடுத்தாக்கூடப் பாடும். காசும் வேண்டாம், விளம்பரமும் வராது."

"கடையில கிடைக்குமா தம்பி?"

"கிடைக்கும். ஆனா உங்க போனுக்குப் பொருந்தாது. ரொம்பப் பழசு. நாமளேதான் மூலநிரல்லேர்ந்து கம்பைல் பண்ணிக்கணும்."

"அப்படின்னா?"

"ரெடிமேட் சட்டை உங்க அளவுக்குக் கிடைக்கல. அதனால துணி, நூலு, கத்திரி, அளவு எழுதின சீட்டு எல்லாத்தையும் இலவசமாக் கொடுத்துட்டாங்க. நாமளே வெட்டித் தைச்சுக்க வேண்டியது. அவ்வளவுதான்."

உடும்பு சட்டை போட்டதில்லை. ஆனாலும் புரிந்தது. "எத்தனை நாளாகும்?"

"மூணே வரிக்கா. மூணு கட்டளை அடிச்சா முடிஞ்சுது."

முதல் வரியை அடிக்கவே முதல் நாள் போய்விட்டது. தும்பியைக் கட்ட ஒரு கருவி வேண்டும் என்றது. கருவியை இறக்கினால், அதற்கு இன்னொரு கருவி வேண்டும் என்றது. அதையும் இறக்கினால், 'இது பதினேழாம் பதிப்பு, எனக்குப் பதினாறுதான் ஆகும்' என்றது. பதினாறைத் தேடிப் போனால், 'பதினாறு பழசாகிவிட்டது, எடுத்துவிட்டோம்' என்று ஒரு பலகை.

இரண்டாம் நாள் உடும்பு தும்பியின் குழுவில் சேர்ந்து உதவி கேட்டது. நானூறு மிருகங்கள் இருக்கிற குழு. நான்கு பதில் வந்தது. 'இன்னுமா அந்தப் போனை வைத்திருக்கிறீர்கள்?' என்றது குரங்கு. 'எனக்கு ஒழுங்காக ஓடுகிறதே' என்றது முயல். 'எனக்கும் இதே பிரச்சினை, யாராவது சொல்லுங்கள்' என்றது ஆமை. அது கேட்டு எட்டு வருஷமாகிறதாம். நான்காவதாகப் பதில் போட்ட வௌவால், 'முதலில் புற்றில் இருப்பதே தவறு. தலைகீழாகத் தொங்கிப் பாருங்கள்' என்று ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருந்தது.

"இதெல்லாம் சரிப்படாதுக்கா. நேரா தும்பியை எழுதினவரையே பார்த்துடலாம்" என்றது காக்கை.

எழுதியது ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. மூங்கில் புதருக்கு அடியில் வளை. பதினோரு வருஷமாகத் தனியாளாக, ஒரு எறும்புகூட கூலி வாங்காமல், காட்டுக்கே தும்பியைப் பராமரித்து வந்தது. உடம்பெல்லாம் செதில், செதிலெல்லாம் தூசி. உடும்பு போய்க் கும்பிட்டு நிலவரத்தைச் சொன்னதும், பாவம், பொறுமையாகத்தான் கேட்டது.

"பழைய போன்தானே? கட்டலாம்மா. என்ன ஒண்ணு, ஒலி பாகம் மட்டும் தனியா…"

"ஐயா, கொஞ்சம் அவசரம்" என்றது காக்கை.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அழுங்கு தலையை வயிற்றுக்குள் செருகி, வாலைச் சுற்றி, பந்தாகச் சுருண்டுகொண்டது. பதினோரு வருஷமாக அதனிடம் வந்த எல்லோரும் அந்த வார்த்தையோடுதான் வந்தார்களாம்.

உடும்பு விடுமா? வாலைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்தபடி மூன்றாம் நாள் முழுக்கக் கழிந்தது. பந்துக்குள்ளிருந்து ஒரே ஒரு முறை குரல் வந்தது: "இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது." பிறகு அதுவும் இல்லை.

"விடுங்கக்கா, பெரிய மனுஷங்க அப்படித்தான். நான் இருக்கேன்ல?" என்றது காக்கை.

நான்காம் நாள் எப்படியோ கருவிகளெல்லாம் ஒன்றையொன்று சகித்துக்கொண்டன. கம்பைல் ஓட ஆரம்பித்தது. லேப்டாப் கொதித்தது. உடும்பு அதன் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. ஆறு நாளில் அதற்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான். தொண்ணூற்றேழு சதவீதம் வரைக்கும் போய்த் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

காக்கை ஒற்றைக் கண்ணால் சாய்த்துப் பார்த்தது. "பெரிசா ஒண்ணும் இல்லக்கா. இந்த ஒரு வரிதான் குறை சொல்லுது. இதுக்கு முன்னாடி ரெண்டு சாய்வுக் கோடு போட்டுடுங்க. வரி அங்கேயே இருக்கும், ஆனா இல்லாத மாதிரி ஆயிடும். வாயைக் கட்டின மாதிரி."

உடும்பு கோடு போட்டது. மறுபடி ஓடவிட்டது. இப்போது வேறொரு வரி குறை சொன்னது. அதற்கும் கோடு. அடுத்தது குறை சொன்னது. அதற்கும் கோடு. பிடித்தால் விடாத குணம் இங்கேதான் நன்றாகக் கைகொடுத்தது. ஐந்தாம் நாள் சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு வரிகளின் வாயை அது கட்டிவிட்டது.

நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உடும்புக்கு நகம் தயங்கியது.

"தம்பி, இந்த வரியில ஒலின்னு ஏதோ போட்டிருக்கே?"

"ஒலி எங்கக்கா போயிடும்? போன்லதான் ஸ்பீக்கர் இருக்கே!"

நியாயமாகத்தான் பட்டது. கோடு போட்டது.

கடைசியில் பச்சை எழுத்தில் வந்தது: 'வெற்றி.' காக்கை மூன்று முறை கரணம் அடித்தது. தும்பியைப் போனில் ஏற்றிப் பதிவைத் தட்டினால், கோடு நகர்கிறது, விநாடிகள் ஏறுகின்றன. சார்ஜ் நான்கு சதவீதம்தான் இருந்ததால் உடனே அணைத்துவிட்டார்கள். சத்தம் கேட்கவில்லையே என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. வால்யூம் குறைவாக இருந்திருக்கும் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் காலையில் கரடியின் சபை கூடியது. கரடிக்கு அன்றைக்கு முப்பத்தொரு வழக்கு. முன்னால் ஒரு படிவக் கட்டு, காதில் ஒரு பேனா.

"உடும்பம்மா, உன் பதிவைப் போடு."

உடும்பு போட்டது. கீரிக்கு முகம் வெளுத்துவிட்டது. தான் சொன்னது தனக்குத் தெரியாதா? வால் மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. சபையே கழுத்தை நீட்டியது. கோடு நகர்ந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கொசு பறக்கும் சத்தம் கேட்டது, அது பதிவில் இல்லை. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி முடிந்து கோடு நின்றது.

உடும்பு வால்யூம் பட்டனை நசுக்கிப் பார்த்தது. போனை உதறிப் பார்த்தது. கட்டிய வாய்களில் கீரியின் வாயும் ஒன்று என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது.

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "ஐயா, ஒண்ணுமே கேட்கலையே! இதுவா சாட்சி?"

கரடி நிமிரவில்லை. படிவத்தை வாசித்தது. "பதிவு இயக்கப்பட்டதா? ஆம். எத்தனை நிமிடம்? நான்கு. அவ்வளவுதான்பா இருக்கு."

"ஐயா, காதுல விழலையே!"

"காதில் விழுந்ததா என்று இதில் கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தை நான் எங்கே போய் நிரப்புவேன்? ஆட்சேபணை தள்ளுபடி. உன் தரப்பில் பதிவு இருந்தால் சாயங்காலத்துக்குள் கொண்டு வா. இல்லையென்றால் புற்று உடும்புக்கு."

உடும்புக்கு நம்பவே முடியவில்லை. கரடியின் காலில் விழுந்து எழுந்தது. ஊமைச் செயலியை வைத்துக்கொண்டே வழக்கு பாதி ஜெயித்தாயிற்று. கீரியிடம் ஏது பதிவு? அப்படியே இருந்தாலும் அதன் போனும் பழசு. எதில் போட்டுக் காட்டும்?

வெளியே வந்தால் காக்கை றெக்கையை அடித்துக்கொண்டு நின்றது.

"அக்கா, ஒரு சந்தோஷ சமாச்சாரம்! நம்ம தும்பியை நேத்தே எல்லாருக்கும் ஏத்திவிட்டுட்டேன். 'பழைய போன்களுக்கான தும்பி, நாங்களே கம்பைல் செய்தது.' நம்ம ரெண்டு பேர் போட்டோவும் போட்டிருக்கேன். முந்நூறு பேர் இறக்கிட்டாங்க!"

"அடப்பாவி, உன்னை யாருடா ஏத்தச் சொன்னது?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? நாலு பேரைக் கூப்பிட்டுக் கொடுக்காம நான் மட்டும் எப்படி வெச்சிருப்பேன்? எனக்குத் தொண்டை அரிக்குமே!"

காக்கையின் பிறவிக் குணத்தை என்ன சொல்ல? முந்நூற்றோராவதாக இறக்கிய மிருகம் எது என்று உடும்பு கேட்கவில்லை. தூரத்தில் பாறை மேல் கீரி உட்கார்ந்து தன் போனை முன்னால் வைத்து, வாலைச் சொறிந்துகொண்டிருந்தது. ஒன்பது நிமிடம் சொறிந்தது. அதைத்தான் பதிவு செய்தது.

சாயங்காலம் சபையில் அதை அதே தும்பியில் போட்டது. கோடு நகர்ந்தது. சபை மறுபடி கழுத்தை நீட்டியது. ஒன்பது நிமிடம் முடிந்ததும் கரடி படிவத்தில் எழுதியது: ஆம். ஒன்பது.

"ஐயா!" என்று உடும்பு முன்னால் பாய்ந்தது. "இதுல ஒண்ணுமே கேட்கலையே!"

கரடி முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தது. "காலையில் இதே ஆட்சேபணையைத்தானம்மா தள்ளுபடி செய்தேன். அதுவும் உனக்காகத்தான் செய்தேன். காலைக்கு ஒரு நீதி, மாலைக்கு ஒரு நீதி என்றால் சபைக்கு மரியாதை இருக்குமா?"

"அவன் என்ன சொன்னான்னு நான் என் வாயாலேயே சொல்றேன் ஐயா, ஒரு வார்த்தை விடாம சொல்றேன்…"

"வாயால் சொல்வது வேறு படிவம். அதற்குக் கடைசி நாள் போன வாரமே முடிந்தது. நான்கு நிமிடம், ஒன்பது நிமிடம். ஒன்பதுதான் பெரியது. புற்றும் புற்றுக்குள் உள்ள யாவும் கீரிக்கு."

"உள்ள முட்டை இருக்கு ஐயா. பதினேழு."

கரடி படிவத்தைப் புரட்டிப் பார்த்தது. "பதினேழு நிமிடமா?"

"முட்டை ஐயா."

"அதற்குக் கட்டம் இல்லை. அடுத்த வழக்கு."

உடும்பு புற்றின் வாயில் நகங்களை ஊன்றிக்கொண்டது. நான்கு காவல் பன்றிகள் வந்து பிய்த்து எடுத்தன. அப்புறம் ஓடையின் அந்தக் கரையிலிருந்து, தன் பழைய பாறைப் பொந்து எங்கே என்றுகூடத் தேடாமல், புற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தது. கீரி உள்ளே போனது. வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் காக்கை மூச்சிரைக்கப் பறந்து வந்தது. போனை உடும்பின் முகத்துக்கு நேரே நீட்டியது.

"அக்கா, அக்கா! நம்ம தும்பிக்கு முதல் விமர்சனம் வந்திருக்கு! படிங்களேன்!"

உடும்பு படித்தது.

'பழைய போனிலும் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. வழக்கு ஜெயித்தது. வயிறும் நிறைந்தது. இரவு பகலாக உழைத்துக் கம்பைல் செய்தவர்களுக்கு நன்றி. ஐந்து நட்சத்திரம். இப்படிக்கு, கீரி.'

நீதி: குறை சொல்லும் வரிகள் அனைத்தின் வாயையும் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு பாராட்டு மட்டும்தான் வரும்.