சனிக்கிழமை மோரில் ஊறிய கோழி

எங்கள் வீட்டில் கோழிக்கு வருஷத்தில் இரண்டு மாதம் விடுமுறை. நான் நகரிப் பக்கத்துத் தமிழன் என்பதால் புரட்டாசியில் ஒரு மாதம். என் மனைவி சுஜாதா தெலுங்குக்காரி என்பதால், தீபாவளி முடிந்த கையோடு கார்த்திக மாசம் என்று இன்னொரு மாதம். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கல்யாணத்தின்போது பேசிக்கொண்டோம். விட்டுக்கொடுத்தது என் நாக்கு மட்டும்தான்.

அந்த வருஷம் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியது. அதை என் மகள் பவித்ராவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். திருப்பதியில் ஒரு கடையில், விரல் நீளத்துக்கு மொறுமொறுவென்று பொரித்த எலும்பில்லாத கோழித் துண்டுகளைச் சாப்பிட்டதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. "அதுல இன்னா பெரிய வித்தை கீது, நானே செஞ்சு தரேன்" என்று சொல்லிவிட்டேன். (அதுவரை நான் அடுப்பில் செய்திருந்தது வெந்நீர்.)

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. அளந்து, நேரம் பார்த்துச் செய்தால் எதுவும் தப்பாது என்று நம்புகிறவன். நான் பார்த்த வீடியோவில் கோழியைப் பதினெட்டு மணி நேரம் மோரில் ஊறவைக்கச் சொன்னார்கள். எட்டு மணி நேரம் போதாதா என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறு பகல் பதினொன்றுக்குப் பொரிக்க வேண்டுமானால் சனிக்கிழமை மாலை ஐந்துக்கே ஊற வேண்டும். சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது.

சுஜாதாவும் பவித்ராவும் தீபாவளித் துணி எடுக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பினேன். கோழிக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், நேத்துதான் பெரட்டாசி முடிஞ்சுது. சனிக்கெழமைகூடப் பாக்காம வந்துட்டீங்க?"

"நாளைக்குத்தான் துன்னப் போறோம். இன்னிக்கு ஊற மட்டும் வைக்கணும்."

"அது ஒங்களுக்குத் தெரியும். சாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே நெஞ்சுக்கறியை விரல் விரலாக வெட்டிக் கொடுத்தார்.

மோருக்குப் பஞ்சமில்லை. புத்தலப்பட்டிலிருந்து மாமனார் வீட்டு எருமை மோர், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு எவர்சில்வர் தூக்கில் பஸ் கண்டக்டர் கையில் வந்துவிடும். மோர் வருமே தவிர மாமனார் வந்ததில்லை. பதினான்கு வருஷம். தான் பார்த்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு மகள் என்னைக் கட்டிக்கொண்டதை அவர் மன்னிக்கவே இல்லை. நாங்கள் அங்கே போனாலும் என்னிடம் சொல்ல வேண்டியதை எருமையிடம்தான் சொல்வார். "காபி ஆறுது, குடிக்கச் சொல்லு" என்று எருமையைப் பார்த்துச் சொன்னால் நான் எடுத்துக் குடிக்க வேண்டும். வெளியே சிரித்துக்கொண்டாலும் எனக்கு அது வலித்தது. சுஜாதாவுக்கு என்னைவிட அதிகம். ஒவ்வொரு பண்டிகைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வேறு பாத்திரம் என்றால் சுஜாதா திறந்து பார்ப்பாள் என்று, அந்தத் தூக்கு மோரிலேயே உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் பூண்டு சேர்த்து, கோழியைப் போட்டு மூடி, பிரிட்ஜில் பின்னுக்குத் தள்ளினேன். மூடியில் நேரம் எழுதி ஒட்டினேன். (தொழில் புத்தி.) அரை மணி ஆகியிருக்காது, அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மாமனார். கையில் துணிக்கடைப் பை.

"பாப்பாவுக்குப் பண்டிகைத் துணி" என்றார், கதவைப் பார்த்து.

உட்காரவைத்துக் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

"ஒத்து, வேணாம். சனிவாரம் ஒருபொழுது. வெளக்கு வைக்கிற வரைக்கும் ஒண்ணும் கெடயாது" என்று மின்விசிறியிடம் சொன்னார்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நல்ல மருமகனாக ஓடிப்போய் விளக்கேற்றினேன். கும்பிட்டுவிட்டு எழுந்தவர், நான் வாய் திறப்பதற்குள் பிரிட்ஜைத் திறந்தார். என் வீட்டுக் காபியைத் தொட மனம் வராதவர் கண்ணில் அவர் வீட்டுத் தூக்கு பட்டுவிட்டது.

"மாமா, அது புளிச்சிடுச்சு."

"நேத்து அனுப்பினது. எங்க வூட்டு மஜ்ஜிக ஒரு நாள்ல புளிக்குமா?"

மஜ்ஜிக என்றால் தெலுங்கில் மோர். பதினான்கு வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது. சந்தோஷப்பட நேரமில்லை.

"இல்ல மாமா, பல்லி வுழுந்துடுச்சு."

"பல்லி வுழுந்தத பிரிட்ஜ்ல வச்சு, நேரம் எழுதி ஒட்டுவாங்களா?"

மூடியைத் திறந்து டம்ளரில் சாய்த்தார். கறி அடியில் கிடந்தது; வந்தது வெறும் மோர். குடித்தாலும் அவருக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டால் இத்தனை வருஷம் கழித்து வந்தவர் கோபமில்லாமல் திரும்புவார். ஒரு கணம் அப்படியும் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்த மனிதர் கண்ணை மூடி, "கோவிந்தா" என்று டம்ளரைத் தூக்கினார். என்னால் முடியவில்லை. டம்ளரின் வாயைக் கையால் பொத்தினேன்.

"குடிக்காதீங்க மாமா. அதுல கோழி ஊறுது."

சரியாக அப்போது சுஜாதாவும் பவித்ராவும் உள்ளே வந்தார்கள். அப்பாவைக் கண்டு சுஜாதா முகம் மலர்வதற்குள் என் வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது. கோழி என்றதும் சந்தோஷப்பட்டது பவித்ரா மட்டும்தான்.

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். நான் திருப்பதிக் கடையிலிருந்து பதினெட்டு மணி நேரம் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"குடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"ஒருபொழுது இருந்தீங்களே மாமா."

அவர் மோரைத் தூக்கில் திருப்பி ஊற்றினார். கை கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சுஜாதா என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். கடைசியில் அவர்தான் பேசினார்: "மஜ்ஜிக நம்மளுது. அது இன்னா ஆவுதுன்னு பாத்துட்டுத்தான் போவேன்."

மறுநாள் தொழிற்சாலைத் தெர்மாமீட்டர் சகிதம் அடுப்படியில் இறங்கினேன். மைதாவும் சோளமாவும் மிளகாய்த்தூளும் கலந்து, கோழியைப் புரட்டி, பரபரப்பில் எல்லாத் துண்டையும் ஒரே சமயத்தில் எண்ணெயில் தள்ளினேன். சூடு இறங்கி, மாவு உரிந்து, மொறுமொறு தனியாக மிதந்தது. கோழி அம்மணமாக வந்தது. அதையும் மாமனார் தட்டில் வைத்தேன். நல்லவேளையாகப் பாதிக் கறியைத் தூக்கிலேயே விட்டிருந்தேன். இந்த முறை மாவை அழுத்திப் பூசி, பத்து நிமிஷம் அப்படியே விட்டு, மூன்று மூன்றாகப் போட்டேன். கடித்தபோது பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்டது.

"கடையில மாதிரி இல்ல நைனா" என்று சொல்லிவிட்டு பவித்ரா ஆறு துண்டு சாப்பிட்டாள். மாமனார் நான்கு. பிறகு அவளிடம், "உப்பு பத்தலன்னு உங்க நைனாகிட்ட சொல்லு" என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"மஜ்ஜிக அல்லுடு, அந்தத் தூக்க நல்லா கழுவி அனுப்பு."

இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு தூக்கு வருகிறது. ஒன்றின் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அது கோழிக்கு. சொந்தக்காரர்களின் கல்யாணங்களில் மாமனார் என் தோளைப் பிடித்து, "எங்க மஜ்ஜிக அல்லுடு" என்று அறிமுகம் செய்கிறார். அது என்ன மஜ்ஜிக என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவரும் முதலிலிருந்து கதையைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறார். நானும் சிரித்துவைப்பேன். அல்லுடு என்றால் மருமகன். அதை யாரும் விசாரிப்பதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அதைக் காதாரக் கேட்டுக்கொள்கிறேன்.